ஈ, தா, கொடு: முகமறியாதவர்க்குப் பொருள் வழங்குதல் – ஒரு பார்வை

முன்னுரை

ஒவ்வொரு கல்வியாண்டின் இறுதியிலும் பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள வாடகை வீடுகளில் ஒரே காட்சியைக் காணலாம். மெத்தை, படிப்பு மேசை, மின்விசிறி, சோறு சமைக்கும் குக்கர், துணி காயப்போடும் கம்பி எனச் சாமான்கள் வாசலில் குவிந்திருக்கும். ஊருக்குக் கொண்டு செல்லப் பேருந்தில் இடமில்லை. விற்றால் பத்து வெள்ளிகூடத் தேறாது. குப்பையில் போடவோ மனம் வருவதில்லை. அந்நிலையில் நம்மில் பலர் கைத்தொலைபேசியை எடுத்துப் படம் பிடித்து, அந்த வட்டார முகநூல் குழுவில் ‘இலவசம், வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம்’ என்று எழுதிவிடுகிறோம். அரை மணி நேரத்தில் பெயர் தெரியாத ஒருவர் வந்து நிற்கிறார்.

இது மிக எளிய செயல்போல் தோன்றுகிறது. ஆயினும், முன்பின் அறியாத ஒருவருக்கு நாம் பயன்படுத்திய பொருளைக் கொடுக்கும்போது, கொடுப்பவர் எந்த இடத்தில் நிற்கிறார், பெறுபவரை எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று. தமிழ் இலக்கணமும் நம் நாட்டு மொழிவழக்கும் இதற்குச் சில தெளிவுகளைத் தருகின்றன. அவற்றை எடுத்துக்காட்டுவதும், நாம் கொடுக்கும் முறையைச் சீர்ப்படுத்திக்கொள்ள வழி காண்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வழக்கம் பரவிய வரலாறு

பழைய பொருளைப் பிறருக்குக் கொடுப்பது புதிதன்று. அதை இணையத்தின்வழி ஊர் முழுமைக்கும் அறிவிப்பதுதான் புதிது. 2003 மே 1ஆம் நாள் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள டூசான் நகரில் டெரன் பீல் என்பவர் தம் நண்பர்களுக்கும் சில தொண்டு அமைப்புகளுக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அதுவே ‘ஃபிரீசைக்கிள்’ எனும் வலையமைப்பின் தொடக்கம். நல்ல நிலையிலுள்ள பொருள்கள் பாலைவனத்துக் குப்பைமேட்டுக்குப் போவதைத் தடுப்பதே அவருடைய எண்ணமாக இருந்தது. கொடுக்கும் பொருள் முற்றிலும் விலையின்றி இருக்க வேண்டும், சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், எல்லா வயதினர்க்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்பனவே அதன் அடிப்படை விதிகள். தொடக்கத்தில் இக்குழுக்கள் யாஹூ குழுக்களின்வழி இயங்கின. பின்னர் ஃபிரீசைக்கிள் தனக்கெனத் தனித்தளம் அமைத்துக்கொண்டது. யாஹூ குழுக்கள் 2020 டிசம்பரில் மூடப்பட்டன. பிரிட்டனில் பல குழுக்கள் 2009இல் பிரிந்து ‘ஃபிரீகிள்’ எனும் பெயரில் தனித்து இயங்கத் தொடங்கின.

2013 ஜூலையில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பெயின்பிரிட்ஜ் தீவில் ரெபெக்கா ராக்ஃபெல்லர், லீசல் கிளார்க் எனும் இரு பெண்மணிகள் ‘பை நத்திங்’ என்ற இயக்கத்தை முகநூலில் தொடங்கினர். ‘எதையும் வாங்காதே’ என்பது அதன் பொருள். ஃபிரீசைக்கிள் குப்பையைக் குறைப்பதில் கருத்தைச் செலுத்த, பை நத்திங் அக்கம்பக்கத்தாரிடையே உறவை வளர்ப்பதையே முதன்மையாகக் கொண்டது. ஒருவர் தாம் வாழும் வட்டாரக் குழுவில் மட்டுமே சேர வேண்டும் என்பது அதன் தொடக்ககால விதி. அக்குழுக்களில் இன்னொரு பழக்கமும் உண்டு. முதலில் கேட்டவருக்கே உடனே கொடுத்துவிடாமல், அறிவிப்பைச் சிறிது காலம் அடுப்பில் குழம்பு கொதிப்பதுபோல் விட்டுவைத்து, பலரும் பார்த்த பிறகு கொடுப்பர்.

நம் நாட்டில் இவ்வழக்கம் பெரும்பாலும் முகநூல் குழுக்களிலும், தாமான்களுக்குரிய புலனக் குழுக்களிலும் நடைபெறுகிறது. 2007ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டத்தை ஏற்ற மாநிலங்களில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயமாயிற்று. வாரத்தில் ஒருநாள் மறுசுழற்சிப் பொருள்களும் பெரிய சாமான்களும் தனியே எடுத்துச் செல்லப்படுகின்றன. ஆனால், எடுத்துச் செல்லப்படும் மெத்தை மீண்டும் ஒருவர் படுக்கும் மெத்தையாக இருப்பதில்லை. பொருள் பொருளாகவே நீடிக்க வேண்டுமானால் அது இன்னொரு வீட்டுக்குச் செல்ல வேண்டும்.

தெரிந்தவர்க்குக் கொடுத்தலும் தெரியாதவர்க்குக் கொடுத்தலும்

தோட்டத்து லயன் வீடுகளில் வாழ்ந்த நம் பாட்டி தாத்தாக்களுக்கு இதற்கு இணையம் தேவைப்படவில்லை. ஒரு தொட்டில் நான்கு வீடுகளுக்குச் சென்று திரும்பியது. அக்காவின் பள்ளிச் சீருடையைத் தங்கையும், அவளுக்குப் பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அணிந்தனர். குழம்பு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பது எழுதப்படாத விதி. இரண்டு பச்சை மிளகாயாவது போட்டுத்தான் அனுப்புவார்கள்.

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட கொடை பற்றிய புகழ்பெற்ற கட்டுரையில் இதைத்தான் ஆராய்ந்தார். கொடுத்தல், ஏற்றல், திருப்பிச் செய்தல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்த கடமைகள் என்பது அவர் கருத்து. பாத்திரத்தில் இட்ட பச்சை மிளகாய் அந்த மூன்றாம் கடமையே. அதில் உறவும் இருக்கிறது, கடனும் இருக்கிறது. வாங்கியவர் திருப்பிச் செய்ய இயலாமற்போனால் தலைகுனிய நேரும்.

முகமறியாதவரிடம் பெறும்போது இந்தக் கடன் இல்லை. மேசையை எடுத்துச் சென்றவரை நாம் மறுபடி பார்க்கப்போவதில்லை. இது குறையன்று; ஒருவகையில் நன்மையே ஆகும். ரிச்சர்டு டிட்மஸ் எனும் ஆங்கிலேய அறிஞர் 1970இல் எழுதிய நூலில், யாருக்கென்றே தெரியாமல் குருதி கொடுப்பதை இத்தகைய கொடைக்குச் சான்றாகக் காட்டினார்.

நமக்கு நெருக்கமான சான்று ஒன்றும் உண்டு. நம் நாட்டின் பாடநூல் கடனுதவித் திட்டம் 1975இல் தொடங்கியது. நெடுங்காலம் பெற்றோரின் வருமானத்தைக் காட்டியே நூல்களைப் பெற வேண்டியிருந்தது. 2008 முதல் அது வருமான வேறுபாடின்றி எல்லா மாணவர்க்கும் விரிவுபடுத்தப்பட்டது. அதன்பின் தமிழ்ப்பள்ளியில் சேர்ந்த என் போன்றோர், நூலின் உள்ளட்டையில் எழுதப்பட்டிருக்கும் முன்னவர் பெயர்களின்கீழ் எங்கள் பெயரையும் எழுதிக்கொண்டோம். யார் ஏழை என்று யாரும் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

‘சும்மா’ என்னும் சொல்

இலவசமாகக் கொடுப்பதை மலாய் மொழியில் ‘பெர்ச்சுமா’ என்கிறோம். அதன் அடிச்சொல்லான ‘ச்சுமா’ தமிழின் ‘சும்மா’விலிருந்து சென்றது என்பர் சொல்லாய்வாளர். இடைநிலைப்பள்ளியில் மலாய் கட்டுரை எழுதும்போது நம் சொல்லையே நாம் இரவல் வாங்கி எழுதியிருக்கிறோம்! இலவச அறிவிப்புகளில் அடிக்கடி வரும் குளிர்பெட்டிக்கு ‘பெத்தி செஜூக்’ என்று பெயர். அதிலுள்ள ‘பெத்தி’யும் நம் ‘பெட்டி’தான்.

இங்குக் கவனிக்க வேண்டியது யாதெனில், ‘பெர்ச்சுமா’வுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று, விலையில்லாமல், மற்றொன்று, வீணாக. தமிழிலும் ‘சும்மா கொடுத்தார்’ என்றால் விலை வாங்காமல் கொடுத்தார் என்றும், ‘சும்மா கிடக்கிறது’ என்றால் பயனின்றிக் கிடக்கிறது என்றும் பொருள். பயனின்றிக் கிடப்பதை விலையின்றிக் கொடுக்கிறோம் என்பதால் இரண்டும் ஒன்றென மயங்கிவிடக் கூடாது. நமக்குப் பயன்படாதது என்பது வேறு. யாருக்குமே பயன்படாதது என்பது வேறு.

சிங்கப்பூரில் இலவசமாகக் கொடுப்பதை ‘பிளெஸ்ஸிங்’, அதாவது ஆசி என்று குறிக்கும் வழக்கம் இணையச் சந்தைகளில் உண்டு. நல்லெண்ணத்தில் எழுந்த சொல்தான். ஆனால், ஆசி வழங்குபவர் மேலே நிற்பவர். பெறுபவர் கீழே குனிபவர். பழைய காற்றாடி ஒன்றைக் கொடுப்பதற்கு இவ்வளவு உயரம் தேவையா?

தொல்காப்பியர் காட்டும் மூன்று படிகள்

இவ்வினாவைத் தொல்காப்பியர் மிக நுட்பமாக அணுகியிருக்கிறார். சொல்லதிகாரத்தின் எச்சவியலில் ஒரு பொருளைக் கேட்கும்போது வழங்கும் சொற்களாக ஈ, தா, கொடு ஆகிய மூன்றையும் கூறி, அவற்றை வேறுபடுத்துகிறார். தாழ்ந்த நிலையில் இருப்பவர் உயர்ந்தவரிடம் கேட்கும்போது ‘ஈ’ என்பார். ஒத்த நிலையினர் ஒருவரையொருவர் கேட்கும்போது ‘தா’ என்பர். உயர்ந்தவர் தம்மிற் குறைந்தவரிடம் கேட்கும்போது ‘கொடு’ என்பார். பின்னாளில் நன்னூலாரும் இதையே வழிமொழிந்தார். இன்றைய பேச்சில் இவ்வேறுபாடு மறைந்துவிட்டது. ஆனால், சொல் மறைந்தாலும் அந்த மூன்று படிகளும் மறையவில்லை என்பதை இணைய அறிவிப்புகளைப் படிப்போர் அறிவர்.

கிளவியாக்கத்தில் தொல்காப்பியர் இன்னொரு வேறுபாட்டையும் காட்டுகிறார். தருதல் என்பது தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது. கொடுத்தல் என்பது படர்க்கைக்கு உரியது. எனக்குத் தருவார்கள், உனக்குத் தருவேன், அவனுக்குக் கொடுப்பேன் என்பதே அம்மரபு. மலையாளத்தில் இவ்வேறுபாடு இன்றும் வாழ்கிறது.

இதை நம் பொருளோடு பொருத்திப் பார்க்கலாம். அறிவிப்பை எழுதும் வேளையில் பெறப்போகிறவர் ‘யாரோ ஒருவர்’, படர்க்கை. அவர் செய்தி அனுப்பிய நொடியில் முன்னிலையாகிவிடுகிறார். அதன்பின் நாம் அவருக்குக் ‘கொடுக்க’வில்லை, ‘தருகிறோம்’. யாரோ ஒருவரிடம் நடந்துகொள்வதுபோல் எதிரே நிற்பவரிடம் நடந்துகொள்ள இயலாது. இந்த மாற்றத்தை உணரத் தவறியதால் நேர்ந்த ஒரு பிழையை இங்குக் கூற வேண்டியிருக்கிறது.

எங்கள் பிழை

சென்ற ஆண்டு நானும் வீட்டு நண்பர்கள் மூவரும் ஒரு சலவை இயந்திரத்தைக் கொடுக்க எண்ணினோம். ‘உண்மையிலேயே தேவைப்படுவோர் மட்டும் காரணத்தைக் கூறி விண்ணப்பிக்கவும்’ என்று எழுதினோம். தகுதியுள்ளவரைச் சென்றடைய வேண்டும் என்பதுதான் எங்கள் எண்ணம். ‘பாத்திரமறிந்து பிச்சையிடு’ என்று நாம் கேட்டு வளர்ந்தவர்கள் ஆயிற்றே!

அன்றிரவுக்குள் பதினேழு செய்திகள் வந்தன. ஒருவர் மருத்துவமனைக் கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். ஒருவர் தம் வேலை போன கதையை எழுதியிருந்தார். ஓர் அம்மா, மூன்று பிள்ளைகளின் துணிகளைக் கையால் துவைப்பதாகக் கூறித் தம் குளியலறையையும் அங்கிருந்த வாளிகளையும் படமெடுத்து அனுப்பினார். நாங்கள் நால்வரும் தேநீர் குடித்துக்கொண்டே யாருடைய துன்பம் பெரிது என்று விவாதித்தோம். ஒருவரைத் தெரிவு செய்தோம். மற்றவர்க்கு ‘மன்னிக்கவும், கொடுத்துவிட்டோம்’ என்று ஒரே செய்தியை அனுப்பினோம். அந்த அம்மாவிடமிருந்து மறுமொழி வந்தது: ‘பரவாயில்லை தம்பி, அந்தப் படத்தை மட்டும் அழித்துவிடுங்கள்.’

அழித்துவிட்டோம். ஆனால், அந்தப் படத்தை அவர் அனுப்பக் காரணமானவர்கள் நாங்கள்தாமே? பழைய இயந்திரம் ஒன்றைக் காட்டி, பதினேழு பேரை ‘ஈ’ என்று கேட்கும் இடத்தில் நிறுத்தியிருந்தோம்.

திருக்குறளின் ஈகை அதிகாரத்தில், பிறர் வந்து கேட்க, அவர் முகம் மலரும்வரை அதைக் கேட்டிருப்பதே கொடுப்பவர்க்குத் துன்பம் என்கிறார் வள்ளுவர். இல்லாமையின் துன்பத்தைச் சொல்லும் நிலையை உண்டாக்காமல் கொடுப்பதே நற்குடிப் பண்பு என்ற பொருளில் இன்னொரு குறளும் அங்கு உண்டு. அதற்கு முந்திய ஒப்புரவறிதல் அதிகாரம் நமக்கு இன்னும் நெருக்கமானது. ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம், மருந்துமரம் ஆகியவை அங்கு உவமைகளாகின்றன. ஊருணி தண்ணீர் மொள்ள வந்தவரிடம் தாகத்துக்குச் சான்று கேட்பதில்லை. இணையத்தில் முகமறியாதவர்க்குப் பொருள் வழங்குதல் ஈகையைவிட ஒப்புரவுக்கே பொருந்தும் என்பது என் துணிபு.

‘அப்படியானால் எடுத்துச் சென்று விற்றுவிடுவார்களே?’ என்று சிலர் கேட்கலாம். விற்கட்டும், அப்போதும் பொருள் பயனாகவே போகிறது. பழைய சாமான் வாங்கி விற்பதும் ஒரு பிழைப்புத்தான். மிகவும் வறியவருக்கே போய்ச் சேர வேண்டும் என்று விரும்பினால், அவர்களை நேரில் அறிந்த இல்லங்களையும் தொண்டு அமைப்புகளையும் கோயில் சேவை மன்றங்களையும் கேட்டுக் கொடுக்கலாம். தேவையை அறிவது அவர்கள் பணி. நாம் கைத்தொலைபேசியில் அமர்ந்துகொண்டு நீதிபதியாவது முறையன்று.

மாட்டின் பல்லை யார் பார்ப்பது?

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பர். அது பெறுபவருக்குச் சொன்ன அறிவுரை. கொடுப்பவர் பல்லைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். நாங்கள் கொடுத்த சலவை இயந்திரம் இரண்டு மாதம் ஓடாமல் கிடந்தது. ஓட்டிப் பார்க்காமலே கொடுத்தோம். பெற்றவர் அறுபது வெள்ளி கொடுத்து லோரி பிடித்து ஏற்றிச் சென்றார். வீட்டில் போட்டபோது தண்ணீர் வெளியேறவில்லை. பழுது பார்க்க மேலும் செலவானது. எங்கள் ‘இலவசம்’ அவருக்கு இலவசமாக இல்லை. ஆகவே, கொடுக்குமுன் பின்வருவனவற்றைப் பார்ப்பது நன்று.

1. மின்பொருள்: அன்றைய நாளிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். கம்பியின் உறை கிழிந்திருந்தாலோ முச்செருகி கருகியிருந்தாலோ மாற்றிவிட்டுக் கொடுக்க வேண்டும். ஓடாத தொலைக்காட்சியும் கணினியும் மின்கழிவாகும். அவற்றை மின்கழிவு சேகரிக்கும் இடத்தில்தான் சேர்க்க வேண்டும்.

2. மெத்தை, மெத்தை நாற்காலி: தையல் ஓரங்களையும் அடிப்பக்கத்தையும் கைவிளக்கு கொண்டு பார்க்க வேண்டும். கரும்புள்ளிகள் தென்பட்டால் மூட்டைப்பூச்சி இருக்கக்கூடும். அத்தகையதை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

3. எரிவாயு அடுப்பு: இரப்பர் குழாயையும் எரிவாயுக் கலனின் தலைப்பூட்டையும் புதிதாக வாங்கிக்கொள்ளுமாறு கூற வேண்டும்.

4. தலைக்கவசம், காரில் பொருத்தும் குழந்தை இருக்கை: விபத்தில் அடிபட்டவற்றைக் கொடுக்கவே கூடாது. வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே வலுவிழந்திருக்கலாம். 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் குழந்தை இருக்கை கட்டாயமாகிவிட்டதால் பலர் இதைத் தேடுகின்றனர் என்பதை மனத்திற்கொள்ள வேண்டும்.

5. அலமாரி, பெட்டி: இழுப்பறைகளில் பழைய கடிதம், வங்கித் தாள், அடையாள அட்டை நகல் ஏதேனும் கிடக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கணினியானால் உள்ளிருப்பவற்றை முற்றாக அழிக்க வேண்டும்.

அறிவிப்பு எழுதும் முறை

நம் குழுக்களில் ‘சியாப்பா ச்செப்பாட், டியா டப்பாட்’, அதாவது முந்தியவருக்கே கிட்டும் என்பதுதான் பெருவழக்கு. அது காரணம் கேட்பதில்லை என்பதால் எங்கள் முறையைவிட மேலானது. ஆனால், ஆலையில் கைத்தொலைபேசியைத் தொட முடியாமல் வேலை செய்பவர் எப்போதும் பிந்தியவராகவே இருப்பார். இதற்கு எளிய வழி குலுக்கல். இரண்டு நாள் பொறுத்து, வந்த பெயர்களில் ஒன்றை எடுத்தால் போதும். கிடைக்காதவர்க்கு அது அதிர்ஷ்டக் குறைவு மட்டுமே. தம் கதை போதவில்லையோ என்று அவர் வருந்த வேண்டியதில்லை. இம்முறையில் இப்போது நாங்கள் எழுதும் அறிவிப்பு இவ்வாறு அமைகிறது:

‘படிப்பு மேசை ஒன்று தருகிறோம். நீளம் 120 செ.மீ., அகலம் 60 செ.மீ. மூன்று ஆண்டுகள் பயன்படுத்தியது. ஓர் இழுப்பறைக்குப் பிடி இல்லை; கால்கள் உறுதியாக உள்ளன. இரண்டாம் மாடி, மின்தூக்கி இல்லை. தூக்க இருவர் வேண்டும், ஒருவராக நாங்கள் உதவுவோம். வேண்டுவோர் சனி அல்லது ஞாயிறு எப்போது வர இயலும் என்று மட்டும் தனிச்செய்தியில் எழுதுங்கள். வெள்ளி இரவு குலுக்கல் முறையில் ஒருவரைத் தெரிவு செய்து, எல்லாருக்கும் தெரிவிப்போம்.’

இதில் ‘தருகிறோம்’ என்ற சொல்லை வேண்டுமென்றே பயன்படுத்தியுள்ளோம். குறையை மறைக்கவில்லை, காரணத்தைக் கேட்கவில்லை. வீட்டு முகவரியைப் பொதுவில் இடாமல், வருபவர்க்கு மட்டும் தனியே தெரிவிக்கிறோம். அவர் வரும்போது வீட்டில் இருவராவது இருக்கிறோம். பெறுபவரும் விழிப்பாக இருக்க வேண்டும். ‘இலவசம்தான், போக்குவரத்துக் கட்டணத்தை மட்டும் முதலில் வங்கியில் போடுங்கள்’ என்று யாராவது கூறினால் அது பெரும்பாலும் ஏமாற்று வேலையே. பொருளை எடுத்துச் செல்லும்போது படமெடுத்துக் குழுவில் போடுவதையும் நாங்கள் நிறுத்திவிட்டோம். நன்றி சொல்ல விரும்புபவர் அவராகவே சொல்லிக்கொள்வார்.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால், இணையத்தில் பொருள் வழங்குவது குப்பையைக் குறைக்கும் வழி மட்டுமன்று. முன்பின் அறியாத இருவர் ஒத்த நிலையில் சந்திக்கும் வாய்ப்பும் ஆகும் என்பது புலப்படும். பெறுபவர் நம் வீட்டை ஒழித்துத் தருகிறார். லோரிக்கு அவரே செலவிடுகிறார். நாம் தூக்கியெறிய வேண்டியதைத் தூக்கிச் செல்கிறார். அவருக்கு நாம் உதவுவதைப் போலவே நமக்கு அவரும் உதவுகிறார் எனலாம்.

நண்பர்களே, இவ்வாண்டும் தேர்வு முடிந்ததும் நாம் அறைகளைக் காலி செய்வோம். அப்போது பொருளைத் துடைத்து, ஓட்டிப் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதுவோம். வாசலில் வந்து நிற்பவர் ‘ஈ’ என்று கேட்க வேண்டாம். நாம் ‘தா’ என்ற படியிலேயே அவரோடு நிற்போம்.